தொண்டை கமறும் ஆலிவ் எண்ணெய் குடலைக் காக்குமா?

கேள்வி: எனக்கு வயது 41. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சிக்கு இரண்டு ஆண்டுகளாக மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது நோய் கட்டுக்குள் இருக்கிறது. குடலின் எதிர்ப்பாற்றல் கூடும் என்று கேள்விப்பட்டு, ஒரு மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் மூன்று மேசைக்கரண்டி எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் குடிக்கிறேன். குடித்ததும் தொண்டை கமறி இருமல் வருகிறது. சில நாள் வயிற்றுப்போக்கும் ஆகிறது. எண்ணெய் கலப்படமா? இதையே தொடர்ந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோய் அடங்கியிருப்பதே அதைத் தவறாமல் சாப்பிடுவதால்தான். நீங்களாக நிறுத்தினால் அழற்சி திரும்புவதற்கான வாய்ப்பு வெகுவாகக் கூடும். எந்த எண்ணெயும் அந்த இடத்தை நிரப்பாது.

கமறலைக் கண்டு கலப்படம் என்று பயப்பட வேண்டாம். அதற்குக் காரணம் ஒலியோகாந்தால் என்ற தாவரச் சேர்மம். அதை உணரும் ஏற்பிகள் தொண்டையில்தான் அதிகம் என்பதால் நாக்கு சும்மா இருக்க, தொண்டை மட்டும் எரிந்து இருமல் வருகிறது. ஐபுபுரொஃபேன் என்ற வலி மாத்திரை தடுக்கும் அதே அழற்சி நொதிகளை இதுவும் தடுக்கிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள். 50 கிராம் எண்ணெயில் கிடைப்பது, பெரியவர்களுக்கான ஐபுபுரொஃபேன் அளவில் பத்தில் ஒரு பங்குக்குச் சமம் என்று அப்போது கணக்கிட்டார்கள். எனவே இதை வலி மாத்திரையாக எண்ண வேண்டாம். கெட்டுப்போன எண்ணெயைக் காட்டிக்கொடுப்பது கமறல் அல்ல, சிக்கு வாடை.

குடலுக்கு வருவோம். குடலின் உட்சுவரில் இருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள். அதன் ஒரு பக்கம் உணவும் கோடானுகோடி பாக்டீரியாக்களும். மறுபக்கம் உடலின் எதிர்ப்பு செல்களில் பெரும்பகுதி. செல்களை நெருக்கிப் பிடிக்கும் இணைப்புப் புரதங்கள் தளர்ந்தாலோ, மேலே படிந்த சளிப்படலம் மெலிந்தாலோ, பாக்டீரியாத் துணுக்குகள் உள்ளே கசியும். எதிர்ப்பு செல்கள் பதறி, அழற்சியை மூட்டும் புரதங்களைச் சுரக்கும். ஆலிவ் எண்ணெயின் கசப்புச் சேர்மங்கள் வயிற்று அமிலத்தில் ஓரளவு உடைந்து ஹைட்ராக்ஸிடைரோசாலாக மாறுகின்றன. இதில் ஒரு பங்கு சிறுகுடலில் உறிஞ்சப்படும். மீதி பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களால் மேலும் சிதைக்கப்படும். இரத்தத்தில் சேர்வதைவிடக் குடலுக்குள் இவற்றின் செறிவு அதிகம் என்பதால்தான் ஆய்வாளர்களின் கவனம் குடல் மீது விழுந்தது. செல் ஆய்வுகளிலும் எலிகளிலும் இவை அழற்சி சமிக்ஞையைத் தணித்து, செல்லின் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகளைத் தூண்டுகின்றன.

உங்கள் நோய்க்கு எதிர்ப்பாற்றல் 'கூட' வேண்டியதில்லை. அது ஏற்கெனவே தேவைக்கு மேல் பாய்கிறது, அடங்க வேண்டும். அடக்கும் வேலையில் இந்தச் சேர்மங்கள் கைகொடுக்கலாம். ஆனால் மனிதர்களிடம் கோலைட்டிஸ் குறித்து நடந்தவை சிறிய, குறுகிய கால ஆய்வுகளே. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் இந்தச் சேர்மங்களுக்கு அனுமதித்த விளம்பர வாசகம்கூட, இரத்தக் கொழுப்பை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பது பற்றியது மட்டும்தான். அதற்கும் 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசால் வகைச் சேர்மங்கள் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

அந்த 20 கிராம், ஏறக்குறைய ஒன்றரை மேசைக்கரண்டி. நீங்கள் குடிப்பது அதைப்போல் இரு மடங்கு, சுமார் 360 கலோரி. வயிற்றுப்போக்குக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: வெறும் வயிற்றில் மொத்தமாக இறங்கும் கொழுப்பு முழுதும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை எட்டினால், அங்கே நீரை இழுத்து மலத்தை இளக்கும். நோய் தலைதூக்கினாலும் இதே அறிகுறிதான் வரும் என்பது என் கவலை. அதனால் முதலில் ஒரு வாரம் எண்ணெயை முழுதாக நிறுத்துங்கள். வயிறு சரியானால், மதியமும் இரவும் உணவோடு தலா ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் இரண்டாக்குங்கள். வழக்கமாகச் சேர்க்கும் எண்ணெயில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். சூப், பயறு, வெந்த காய்கறி எதுவானாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பின் மேலே ஊற்றுங்கள்; நீண்ட சூட்டில் ஹைட்ராக்ஸிடைரோசால் வேகமாகக் குறையும்.

வாங்கும்போது சுத்திகரித்த 'லைட்', பிழிந்த சக்கையிலிருந்து எடுக்கும் 'போமஸ்' வேண்டாம். சுத்திகரிப்பில் ஃபீனால்கள், அதாவது மேலே சொன்ன கமறல், கசப்புச் சேர்மங்கள், ஏறக்குறைய போய்விடும். கொழுப்பு மட்டும் மிஞ்சும். எக்ஸ்ட்ரா வர்ஜினுக்கு உச்சவரம்பாக உள்ள 0.8% அமிலத்தன்மையைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது ஃபீனால் அளவைச் சொல்லாது. அறுவடைத் தேதி அண்மையில் இருக்கிறதா, புட்டி அடர்நிறமா என்று பாருங்கள். சிறிய புட்டியாக வாங்கி, அடுப்பருகே வைக்காமல், திறந்த இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குளிரில் உறைந்து கலங்குவது தரத்துக்கும் சான்றல்ல, கலப்படத்துக்கும் சான்றல்ல.

பித்தப்பைக் கல் இருந்தால் எண்ணெயைத் தனியாகக் குடிக்கவே கூடாது. கொழுப்பு பட்டதும் பித்தப்பை சுருங்கி, கல் குழாயில் சிக்கிக் கடும் வலி வரலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் வெறும் வயிற்று எண்ணெய் ஒத்துவராது. ஆலிவ் இலைக் காப்ஸ்யூல் வேறு சங்கதி: இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறக்கக்கூடியது என்பதால், அவற்றுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எண்ணெயை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால், மலத்தில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியில் கூடும் புரதம்) பரிசோதனை செய்யுங்கள். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் குடல் அமைதியாக இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 250க்கு மேல் போனால் அழற்சி திரும்பியிருக்கலாம். மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், எடைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஒரு வாரம் காத்திருக்காமல் உங்கள் குடல்நோய் மருத்துவரை உடனே பாருங்கள்.