சுத்தியல் கடவுளை எங்கிருந்து படிப்பது? – சித்திரக்கதை கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோரைப் பற்றியவை, அதாவது நார்ஸ் புராணத்தின் இடிக் கடவுளை நாயகனாக்கிய மார்வெல் காமிக்ஸைப் பற்றியவை. பதில் சொல்லும்போது ஓர் அளவுகோலை மட்டும் கையில் வைத்திருக்கிறோம். நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) கடவுள்கள் அமுதுண்டு சாகாவரம் பெற்றவர்கள் அல்ல. இடூன் என்ற தேவதை கொடுக்கும் ஆப்பிள் அவர்களுடைய முதுமையைத் தள்ளிவைக்கும், அழிவைத் தள்ளிவைக்காது. ரக்னராக் என்ற கடைசிப் போரில் தாங்கள் சாகப்போவது அவர்களுக்கே தெரியும். அந்த அறிவின் கனத்தைச் சுமக்கும் கதைகளைத்தான் இங்கே பரிந்துரைக்கிறோம்.

கே: தோர் திரைப்படங்களைப் பார்த்துவிட்டேன். காமிக்ஸ் ஒன்றுகூடப் படித்ததில்லை. 1962-இல் வந்த முதல் கதையிலிருந்தே தொடங்கட்டுமா?

ப: வேண்டாம். ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 83-ஆம் இதழில் (ஆகஸ்ட் 1962) வந்த அந்த முதல் கதையில், நடக்கச் சிரமப்படும் மருத்துவர் டொனால்டு பிளேக் நார்வேயில் சனிக் கோளின் கல் மனிதர்களிடமிருந்து தப்பி ஒரு குகைக்குள் ஒளிகிறார். அங்கே கிடைத்த கைத்தடியைப் பாறையில் அடித்ததும் தோராகிறார். வரலாற்று மதிப்பு உண்டு. ஆனால் அந்த முதல் வரிசைக் கதைகளில் புராணம் உடையளவுக்குத்தான் இருக்கும். புதிதாக வருபவர் பத்து இதழில் களைத்துப்போவார்.

‘தோர்: காட் ஆஃப் தண்டர்’ தொடரின் முதல் 11 இதழ்களை எடுங்கள். 2012 கடைசியில் தொடங்கியது. எழுத்து ஜேசன் ஆரன், பெரும்பாலும் ஓவியம் எசாத் ரிபிச். கடவுள்களை ஒவ்வொருவராகக் கொன்றுவரும் கோர் என்பவனை மூன்று காலத்துத் தோர் எதிர்கொள்கிறார். கி.பி. 893-இல் வைக்கிங்குகளோடு குடித்துத் திரியும் இளைஞன் ஒருவன். இன்றைய தோர் இன்னொருவர். கடவுள்களின் நகரமான ஆஸ்கார்ட் வெறிச்சோடிப்போன பிறகு அதன் அரியணையில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும் கிழவர் மூன்றாமவர்.

ஒரு எச்சரிக்கை. 6-ஆம் இதழில் ஓவியர் மாறுகிறார், கதையும் முன்னே நகராது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோர் பிரார்த்தித்துப் பிரார்த்தித்துத் தன் குடும்பத்தையே பறிகொடுத்தவன் என்பதைச் சொல்வது அந்த இதழ்தான். அதை விட்டுவிட்டால் அவன் கறுப்பு வாள் ஏந்திய இன்னொரு வில்லனாகத்தான் தெரிவான். ‘அவன் கேட்டதில் தப்பென்ன?’ என்று தோரையே அரிக்கும் கேள்வி உங்களுக்குள் எழாது.

கே: வால்டர் சைமன்சன் எழுதி வரைந்த தோர்தான் உச்சம் என்கிறார்கள். தொகுப்பு வாங்கி ஐந்தாறு இதழ் படித்தேன். வசனம் அதிகம், கதை எங்கெங்கோ தாவுகிறது. நிறுத்திவிட்டேன். எங்கே தவறினேன்?

ப: அநேகமாக வேகத்தில். மாதம் ஒன்றாக வெளிவந்த இதழ்களை ஒரே மூச்சில் படித்தால் எவருக்கும் திகட்டும். 337-ஆம் இதழ் (நவம்பர் 1983) முதல் 382 (ஆகஸ்ட் 1987) வரை நீளும் கதை இது. ஒரு நாளைக்கு இரண்டு இதழ், அதற்கு மேல் வேண்டாம்.

337-இன் தொடக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். எரியும் விண்மீன்களின் நடுவே ஏதோ ஒன்று உலோகத்தைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறது. ‘டூம்!’ என்ற ஒலிச்சொல் படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடிப்பது யாரென்று சொல்லப்படுவதில்லை. முக்கியக் கதைக்குச் சம்பந்தமில்லாததுபோல் அடுத்தடுத்த இதழ்களிலும் இடையிடையே அந்தச் சம்மட்டி விழுந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் ‘டூம்’ என்றால் ஊழ், அழிவு. சம்மட்டியின் ஓசையும் கடவுள்களின் ஊழும் அங்கே ஒரே சொல்லாகிவிடுகின்றன. எழுத்துக் கலைஞர் ஜான் வொர்க்மன் அந்த எழுத்துகளைப் படத்தின் மேல் ஒட்டவில்லை, படத்துக்குள்ளேயே கட்டியிருக்கிறார். முதல் வாசிப்பில் இந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போனவர்களுக்கு நெருப்பு அரக்கன் சர்ட்டர் வாளோடு வந்து நிற்கும்போது அது திடீர்த் திருப்பமாகத் தெரியும். உண்மையில் அவன் முதல் பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருக்கிறான்.

மறுபடி படிக்கும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். 337 முதல் 340 வரை குதிரை முகம் கொண்ட பீட்டா ரே பில் வரும் கதை. தகுதியுள்ளவரே தூக்க முடியும் என்ற சுத்தியலைத் தோரைத் தவிர வேறொருவர் தூக்கி, நேருக்கு நேர் சண்டையிலும் தோரை வெல்கிறார். கைத்தடியை அடித்துத் தோராகும் பழைய மந்திரமும் 340-இல் பில்லின் கைக்கு மாறிவிடுகிறது. டொனால்டு பிளேக் என்ற மனிதப் போர்வை அதோடு கழன்றுவிடுகிறது.

341 முதல் 353 வரை சர்ட்டரின் படையெடுப்பு. 353-இல் தோரின் தந்தை ஓடினும், தோரும், தம்பியாக வளர்ந்த லோகியும் ஒரே பக்கத்தில் நின்று பாய்கிறார்கள். தந்தை ‘ஆஸ்கார்டுக்காக’ என்கிறார். தோர் ‘மனித உலகுக்காக’ என்கிறார். லோகி ‘எனக்காக’ என்கிறான். மூன்று பாத்திரங்களையும் மூன்று சொற்களில் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இடம் வேறு இல்லை என்பது எங்கள் கருத்து.

அடுத்து 360 முதல் 362 வரை, மரணத் தேவி ஹெலாவின் நரகத்துக்குப் போகும் பயணம். இதில் கவனிக்க வேண்டியவன் ஸ்கர்ஜ். 1964 முதல் இருபது ஆண்டுகளாக ஒரு மாயக்காரியின் பின்னால் அலைந்த வெறும் அடியாள். திரும்பும் வழியில் க்யாலர்ப்ரூ பாலத்தில் யாராவது ஒருவர் நின்று துரத்தி வரும் படையைத் தடுத்தாக வேண்டும். நிற்க முன்வருகிற தோரை ஸ்கர்ஜ் அடித்து மயங்கவைத்து அனுப்பிவிட்டு, கைக்கொன்றாக இரண்டு எம்-16 துப்பாக்கிகளோடு தனியாக நிற்கிறான். அவன் சாவதை சைமன்சன் விலாவாரியாகக் காட்டுவதில்லை. அவன் அங்கே தனியே நின்றான் என்பதே போதுமான பதில் என்று முடித்துவிடுகிறார். புராணத்தின் வீரன் எப்படிச் சாக விரும்புவானோ அப்படி ஒரு சாவு, அதுவரை யாரும் மதிக்காத ஒருவனுக்குக் கிடைக்கிறது. ஸ்கர்ஜின் பழைய கதைகள் ஒன்றிரண்டைப் படித்துவிட்டு இங்கே வந்தால் கனம் இரட்டிப்பாகும்.

364 முதல் 366 வரை தோர் தவளையாகிறார். வேடிக்கை என்று நினைத்துத் தள்ளாதீர்கள். தவளைக்கும் எலிக்கும் நடக்கும் போரை அதே காவியத் தொனியில்தான் எழுதியிருக்கிறார். 367-க்குப் பிறகு ஓவியம் சால் பூசெமாவிடம் போகிறது. கோடு மாறுவது கண்ணில் படும், ஆனால் கதை தளராது. 380 மட்டும் தனி ரகம். உலகைச் சுற்றிய பாம்பு யோர்முங்காண்டுடன் தோர் போடும் சண்டை, ஒரு பக்கத்துக்கு ஒரே படமாக. நார்ஸ் புராணங்களின் மூல நூலான எட்டாவில் தோர் பாம்பைக் கொன்று ஒன்பது அடி நடந்து விழுந்து சாகிறார். இங்கே ஹெலாவின் சாபத்தால் எலும்பெல்லாம் நொறுங்கியும் அவரால் சாக முடியவில்லை. புராணத்தைத் தெரிந்துகொண்டு இதைப் படித்தால், சாவு மறுக்கப்படுவதுதான் பெரிய தண்டனை என்பது உறைக்கும்.

கே: 12-ஆம் இதழுக்கு அடுத்தது 600-ஆம் இதழா? எண் வரிசை தலை சுற்றுகிறது.

ப: கணக்கு சரிதான். ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 126-ஆம் இதழில் (மார்ச் 1966) ‘தோர்’ என்று பெயர் மாறி, அதே எண்ணில் தொடர்ந்து 1996-இல் 502-இல் நின்றது. 1998-இல் தொடங்கிய இரண்டாம் தொடர் 85 இதழ். 2007-இல் வந்த மூன்றாம் தொடர் 12 இதழ். 502 + 85 + 12 = 599. அடுத்தது 600. பின்னால் ‘தி மைட்டி தோர்’ 23-க்கு அடுத்து 700 வந்ததும் இதே வழக்கத்தால்தான்.

தொகுப்பு வாங்கும்போது எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ‘தோர் 1’ என்று அட்டையில் போட்ட இதழ்கள் பல உண்டு. தொடங்கிய ஆண்டு, எழுத்தாளர் பெயர், உள்ளே எந்த எண் முதல் எந்த எண் வரை என்ற மூன்றையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

கே: ரக்னராக் காமிக்ஸில் உண்மையிலேயே நடந்து முடிந்திருக்கிறதா, எப்போதும் தடுக்கப்பட்டுவிடுகிறதா?

ப: நடந்திருக்கிறது. 2004-இல் இரண்டாம் தொடரின் 80 முதல் 85 வரை. எழுத்து மைக்கேல் ஏவன் ஓமிங், ஓவியம் ஆண்ட்ரியா டி வீட்டோ. ஆறே இதழ். கடவுள்கள் பிறந்து, அழிந்து, மறுபடி பிறக்கும் சக்கரத்தால் யாருக்கு லாபம் என்று தோர் கண்டுபிடிக்கிறார். உலகைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக, அழிவை முழுதாக நடக்கவிட்டுச் சக்கரத்தை அறுக்கிறார். மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2007-இல் ஜே. மைக்கேல் ஸ்ட்ரஸின்ஸ்கியும் ஒலிவியே க்வாபெலும் தொடங்கிய தொடரில் ஆஸ்கார்ட் ஓக்லஹோமாவின் புல்வெளிக்கு மேல் சில அடி உயரத்தில் மிதக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதலாவதன் அழிவு தெரியாமல் இரண்டாவதைப் படித்தால், அதில் நிறைந்திருக்கும் மௌனம் வெறும் மந்தமாகத் தோன்றும்.

கே: எட்டாவில் உள்ளதற்கும் காமிக்ஸுக்கும் எவ்வளவு தூரம்?

ப: பெயர்கள் நெருக்கம், உறவுகள் தூரம். மூலத்தில் லோகி தோருக்குத் தம்பி அல்ல. ஓடினோடு இரத்தம் கலந்து உறவு பூண்டவன். ஹெல் (காமிக்ஸின் ஹெலா) லோகியின் மகள். மரபில் தோருக்குச் செந்தாடி, காமிக்ஸில் பொன்னிறத் தலைமுடி. கூடவே வரும் ஃபான்ட்ரல், ஹோகுன், வோல்ஸ்டாக் மூவரும் 1965-இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் படைத்தவர்கள்.

சுத்தியலில்தான் பெரிய வேறுபாடு. தகுதியுள்ளவரே தூக்க முடியும் என்ற விதி மூலத்தில் கிடையாது. ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய உரைநடை எட்டாவில், குள்ளர்கள் அதை வார்க்கும்போது லோகி ஈயாக வந்து துருத்தி ஊதுகிறவனின் இமையைக் கடிக்கிறான். இரத்தம் கண்ணை மறைக்க, அவன் ஒரு கணம் துருத்தியை விட்டுவிட்டு ஈயை ஓட்டுகிறான். அந்த ஒரு கணத்தால் கைப்பிடி குட்டையாகிவிடுகிறது. தோர் அதைப் பிடிக்க இரும்புக் கையுறையும் வேண்டும். தகுதி என்ற கருத்து நவீனச் சேர்க்கை. ஆனால் காமிக்ஸின் நல்ல கதைகளில் பாதி அதிலிருந்துதான் முளைத்தன.

மூலத்துக்கு நெருக்கமாகப் படிக்க நினைத்தால், ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 97-ஆம் இதழ் (அக்டோபர் 1963) முதல் பின்பக்கத்தில் வந்த ‘டேல்ஸ் ஆஃப் ஆஸ்கார்ட்’ குறுங்கதைகளைத் தனியாக எடுத்துப் படியுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து பக்கம். சூப்பர்ஹீரோ வகையில் சேராதது என்றாலும், டென்மார்க்கின் பீட்டர் மேட்சன் வரைந்த ‘வால்ஹல்லா’ 15 ஆல்பங்களையும் சொல்லாமல் விட மனமில்லை.

கே: பழைய இதழ்களின் ஆங்கிலம் தடுக்கிறது. ‘தௌ’, ‘தீ’, ‘ஹாத்’ என்று வருகிறதே?

ப: நான்கைந்து சொல் பிடிபட்டால் போதும். ‘தௌ’ என்றால் நீ. ‘தீ’ என்றால் உன்னை, உனக்கு. ‘தை’யும் ‘தைன்’னும் உன், உன்னுடைய. வினையின் முடிவில் ‘எஸ்ட்’ வந்தால் செய்பவன் நீ, ‘எத்’ வந்தால் அவனோ அவளோ. ‘ஹாத்’ என்பது ‘ஹேஸ்’தான். ‘மெதிங்க்ஸ்’ என்றால் எனக்குத் தோன்றுகிறது. முதல் நான்கு இதழ்களை வாய்விட்டுப் படியுங்கள். மேடை நாடக வசனத்தின் ஓட்டம் காதில் ஏறிவிட்டால் கண் தானாகப் பழகிவிடும். ஸ்ட்ரஸின்ஸ்கி காலத்திலிருந்து இந்த நடை பெரும்பாலும் போய்விட்டது. கடவுள்களின் பேச்சைத் தனி எழுத்துருவால் பிரித்துக் காட்டுகிறார்கள்.

கே: தோரின் பழைய காதலி ஜேன் ஃபாஸ்டர் தோராகும் கதையை மட்டும் படிக்கலாமா?

ப: படிக்கலாம், ஆனால் ‘காட் ஆஃப் தண்டர்’ முதல் 11 இதழ்களுக்குப் பிறகு. தோர் சுத்தியலைத் தூக்க முடியாமல் போவது ‘ஒரிஜினல் சின்’ (2014) கதையில், காதில் சொல்லப்படும் ஒரு வாக்கியத்தால். அது என்னவென்பது ‘தி அன்வொர்தி தோர்’ 5-ஆம் இதழில்தான் தெரியும், அதன் வேர் கோரின் கதையில் இருக்கிறது. வரிசை இதுதான்: 2014-இல் தொடங்கிய ‘தோர்’ 1–8, பிறகு ‘தி மைட்டி தோர்’ 1–23, அடுத்து 700–706. ஜேனுக்கு மார்பகப் புற்றுநோய். தோராக மாறும் ஒவ்வொரு முறையும் உடலிலுள்ள கீமோ மருந்தை மந்திரம் நஞ்சென்று கருதி வெளியேற்றிவிடும், புற்று மட்டும் அப்படியே இருக்கும். கடவுளாவதே அவளைக் கொல்கிறது. நாம் முதலில் சொன்ன அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான நவீனக் கதை இல்லை.

கே: பத்து வயதுப் பிள்ளைக்கு?

ப: ‘தோர்: தி மைட்டி அவெஞ்சர்’ (2010). எழுத்து ரோஜர் லாங்ரிட்ஜ், ஓவியம் கிறிஸ் சாம்னி. எட்டே இதழில் நின்றுபோனது பெரிய இழப்பு. முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். கோர் கதையை இப்போது கொடுக்காதீர்கள், இரத்தம் அதிகம்.

கே: லோகியை மையமாகக் கொண்டு ஏதாவது?

ப: கீரன் கில்லன் எழுதிய ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 622–645 (2011–2012). சிறுவனாக மறுபிறவி எடுத்த லோகி, பழைய லோகியாக ஆகிவிடாமல் இருக்கப் போராடுகிறான். முடிவு மனத்தை உடைக்கும். அதன் பிறகு ஆல் ஈவிங் எழுதிய ‘லோகி: ஏஜென்ட் ஆஃப் ஆஸ்கார்ட்’, 17 இதழ். முன்பின்னாகப் படித்தால் முதலாவதன் முடிவு தெரிந்துபோகும்.

கே: கைப்பேசியில்தான் படிக்க முடிகிறது. இழப்பு உண்டா?

ப: உண்டு. கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். சைமன்சனும் ஜேன் கதையின் ஓவியர் ரஸ்ஸல் டாட்டர்மனும் பக்கத்தை முழுதாக வைத்து யோசிப்பவர்கள். ஒலிச்சொல் ஒரு கட்டத்தில் தொடங்கி அடுத்ததில் முடியும், பெரிதாக்கினால் பாதி எழுத்து அறுந்துபோகும். முதலில் பக்கத்தை முழுதாகப் பாருங்கள், பிறகு வசனத்துக்காக விரலால் விரித்துப் படியுங்கள். இரு பக்கம் சேர்ந்த படம் வந்தால் கைப்பேசியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். சிறு திரையில் எதையும் இழக்காத இதழ் ஒன்று வேண்டுமென்றால் 380-ஐத் திறங்கள். பாம்பு ஒரு பக்கம் நிறைய நிமிர்ந்து நிற்கும், கட்டங்களே கிடையாது.