முன்பள்ளி விட்டு வந்த பிறகு: மலையகப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எழுத்தைப் பற்றியவை. பிள்ளைக்கு நாலு, நாலரை வயதுதான் என்பது பெரியவர்களுக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது.

நான் கொழுந்து பறிக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முன்பள்ளிக்குப் போகும் மகளுக்கு வீட்டில் எப்படி உதவுவது?
– பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்

இந்த வயதில் வீட்டிலிருந்து பிள்ளைக்கு வேண்டியது பேச்சு. அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், டீச்சர் என்ன பாட்டுச் சொல்லிக்கொடுத்தார், யாராவது அழுதார்களா என்று கேட்டுப் பாருங்கள், வாய் ஓயாது. மலையில் அட்டை கடித்ததையும் மழையில் படங்கு நனைந்ததையும் நீங்களும் சொல்லுங்கள். நடந்ததை முன்பின் மாறாமல் சொல்லப் பழகிய பிள்ளைக்கு, பிறகு வாசிக்கும் கதையும் எளிதாகப் புரியும்.

கணக்கும் அப்படித்தான். ஐம்பது வரை ஒப்பிக்கும் பிள்ளை, ஐந்து ரொட்டி எடுத்துவரச் சொன்னால் நாலோடு வந்து நிற்கும். அரிசி அளக்கும்போது சுண்டை அவள் கையில் கொடுங்கள். ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒன்று மிஞ்சினால் ஏன் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். விறகில் நீளமானதையும் கட்டையானதையும் பிரித்து அடுக்கட்டும். முன்பள்ளியில் வண்ணக் கட்டைகளை வைத்துச் செய்வதும் இதைத்தான்.

படப்புத்தகம் இருந்தால் அவளையே உங்களுக்குக் கதை சொல்ல வையுங்கள். "அடுப்பு, அட்டை, அம்மா... இன்னொன்று சொல்" என்று ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைத் தேடுங்கள். ஒலியைப் பிரித்தறியும் காது வாய்த்துவிட்டால் எழுத்து சீக்கிரம் பிடிபடும். மாலையில் களைத்து வருபவருக்குத் தனியாக நேரம் ஏது? சமைக்கும் நேரமே போதும். ஒரு நாள் தவறினாலும் குடி முழுகிவிடாது.

பக்கத்துக் காம்பராப் பிள்ளை 'அ' முதல் 'ஃ' வரை எழுதுகிறது. நாலரை வயதான என் மகனுக்கு 'அ' கூட வரவில்லை. தினமும் ஒரு பக்கம் எழுத வைக்கிறேன், அழுகிறான்.
– ஹட்டனிலிருந்து ஒரு தந்தை

அந்த ஒரு பக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். 'அ' சின்னக் கைக்குக் கடினமான எழுத்து. சுழி, வளைவு, கோடு எல்லாம் அதில் இருக்கின்றன. 'ட', 'ப' போன்றவை நேர்க்கோடுகளால் ஆனவை, முதலில் அவைதான் கைக்கு வரும். அகரவரிசை வாயால் சொல்வதற்கு வசதி, கை அந்த வரிசையில் பழக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதற்கும் முன்னால் விரல்களுக்கு வலு வேண்டும். ரொட்டிக்கு மாப் பிசையட்டும், போஞ்சி ஒடிக்கட்டும், சுவெட்டர் பொத்தானைத் தானே போடட்டும், பழைய பத்திரிகையைக் கிழித்து ஒட்டட்டும். பென்சில் கட்டையாக இருந்தால் பிடிப்பது எளிது. ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியானால்தான் தரம் 1இல் சேரலாம். அங்கே எழுத்தை முதலிலிருந்தே கற்பிப்பார்கள். பக்கத்துக் காம்பராப் பிள்ளையை அதன் பாட்டில் விட்டுவிடுங்கள்.

மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள். பேரன் என்னோடு இருக்கிறான். போனில் பாட்டு வீடியோ போட்டால்தான் சாப்பிடுகிறான். படிப்புக்கு அது நல்லதுதானே?
– தலவாக்கலையிலிருந்து ஓர் அம்மாயி

நல்லதென்று சொல்லமாட்டேன். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. வீடியோ பாடும், பேரன் கேட்பதற்குப் பதில் சொல்லாது. நீங்கள் பாடினால் நடுவில் நிறுத்தி அவனை முடிக்கச் சொல்லலாம். சாப்பாட்டு வேளையில் போனைக் கண்ணில் படாமல் வையுங்கள். சில நாள் அடம்பிடிப்பான், பிறகு பசி வழிக்குக் கொண்டுவரும். அம்மாவோடு பேசும் வீடியோ அழைப்பை மட்டும் குறைத்துவிடாதீர்கள். முன்பள்ளியில் வரைந்த படத்தை அவளுக்குக் காட்டி, என்னவென்று அவனே விளக்கட்டும்.

மகள் ஆங்கில முன்பள்ளிக்குப் போகிறாள். வீட்டிலும் ஆங்கிலம் பேச வேண்டுமா?
– பண்டாரவளையிலிருந்து ஒரு தாய்

வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். தமிழில் காரணம் கேட்கவும் கதை சொல்லவும் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி அந்நியமாக இருக்காது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். செலவில்லாமல் இன்னொரு மொழியும் வரும்.

மகன் இடது கையால் எழுதுகிறான். மாற்றலாமா?
– பதுளையிலிருந்து ஒரு தந்தை

மாற்றக் கூடாது. கொப்பியின் மேற்பக்கத்தை வலப்புறமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள், எழுதுவது தெரியும். யார் கண்டித்தாலும் நீங்கள் மகன் பக்கம் நில்லுங்கள்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனம் இல்லை என்று டீச்சர் சொல்கிறார். என்ன செய்வது?
– மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்

திட்டுவதற்கு முன் காதைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தேங்கி, கேட்கும் திறன் சில வாரங்கள் மந்தமாகலாம். ஒரு நாள் கேட்கும், மறுநாள் கேட்காது. பார்ப்பவர்களுக்கு அது பிடிவாதம் மாதிரித் தெரியும். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு குடும்பநல உத்தியோகத்தரைப் பாருங்கள். எங்கே காட்டுவது என்று அவர் சொல்வார். அதுவரை பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைக்கும்படியும், முகத்தைப் பார்த்துப் பேசும்படியும் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.