காபி குடித்தால் நினைவாற்றல் கூடுமா?

விழிப்பு கூடும், நினைவாற்றலுக்குப் பெரிய லாபமில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரும். அது மூளைச் செல்களில் தனக்கான ஏற்பிகளில் (ஒட்டிக்கொள்ளும் இடங்களில்) ஒட்டும்போதுதான் கண் சொக்குகிறது. காபியிலுள்ள காஃபீன் அந்த இடங்களை முந்திப் பிடித்துக்கொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, மறைகிறது, அவ்வளவே. வீரியம் இறங்கியதும் தூக்கம் மொத்தமாக வந்து அழுத்துவது அதனால்தான்.

குடித்த 30 முதல் 60 நிமிடத்தில் அதன் வீரியம் உச்சம். சுமார் 100 மி.கி. காஃபீனே கவனத்துக்கும் எதிர்வினை வேகத்துக்கும் போதும். பல மடங்கு ஏற்றினால் கை நடுங்கும், படபடக்கும், சிக்கலான கணக்கில் அவசரத் தவறு வரும்.

உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும் (கர்ப்பிணிகளுக்கு இன்னும் நீளும்). மாலை 6 மணிக்குக் குடித்தால் இரவு 11 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். ஆழ்ந்த தூக்கம் குறையும். படித்தது மூளையில் ஊன்றுவதில் அந்தத் தூக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.