எதிர்மறைக் கொலை எண்ணிக்கையும் சேலத்து உரிமப் புள்ளிவிவரமும்

வணக்கம். அமெரிக்க மாநிலங்களின் கொலை எண்ணிக்கையைத் துப்பாக்கி உடைமையோடு நேர்கோட்டுத் தொடர்பில் பொருத்தியபோது சிறிய மாநிலங்களுக்குக் கணிப்பு பூச்சியத்துக்குக் கீழே போகிறது என்றும், துப்பாக்கி உரிமங்களை வைத்துச் சேலம் மாவட்டத்தையும் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

கொலை என்பது எண்ணிப் பார்க்கும் அளவு. ஆகவே மக்கள்தொகையின் மடக்கையை ஈடாக (offset, அதாவது கெழு 1 என நிலைநிறுத்திய உறுப்பாக) வைத்து, எண்ணிக்கைகளுக்கென அமைந்த, கணிப்பு பூச்சியத்துக்குக் கீழே போகாத பாய்சான் மாதிரியில் தொடங்குங்கள், மாறுபாடு சராசரியை மிஞ்சினால் அந்த மிகை மாறுபாட்டுக்கும் இடம் தரும் நெகட்டிவ் பைனாமியல் மாதிரிக்கு மாறுங்கள். அமெரிக்காவில் துப்பாக்கிகளுக்கு முழுமையான பதிவேடு இல்லாததால், தற்கொலைகளில் துப்பாக்கியால் நிகழ்ந்தவற்றின் பங்கையே ஆய்வாளர்கள் பதிலி அளவாகக் கொள்கிறார்கள். மாநிலங்களை ஒப்பிட அது நன்றாக உதவும், ஆண்டுக்காண்டு மாற்றத்தைக் காட்ட அவ்வளவாக உதவாது. கொலைகள் பெருகுவதால் அஞ்சியும் மக்கள் துப்பாக்கி வாங்குவார்கள் என்பதால், முந்தைய ஆண்டின் துப்பாக்கி அளவையே மாதிரியில் இடுங்கள். அதனாலும் இச்சிக்கல் முழுதும் தீராது.

சேலத்தைச் சேர்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு வீட்டுப் பரணில், காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்த, கரிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு உரிமம் கிடையாது; ஆகவே உரிம எண்ணிக்கை உண்மையில் உள்ள துப்பாக்கிகளைக் காட்டாது. இங்கு கொலைகளில் பெரும்பாலும் அரிவாளும் கத்தியுமே ஆயுதங்கள் என்பதையும் மறவாதீர்கள்.