டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விட்டுப்போன மெடல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் அப்பா மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் ஹவில்தாராக இருந்து 1979ல் பென்ஷனில் வந்தவர். 1971 போரின்போது கிழக்கு எல்லையில் பாலம் போடும் வேலையில் இருந்தார். ஆனால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சங்ராம் மெடலும் 25வது சுதந்திர ஆண்டு மெடலும்தான் எழுதியிருக்கிறது, பூர்வி ஸ்டார் இல்லை. கூட இருந்த இரண்டு பேருக்கு அது இருக்கிறது. அப்பாவுக்கு இப்போது எண்பது வயது, இதையே நினைத்து மனசு விட்டுப்போகிறார். ஜனாதிபதி வரைக்கும் மனு போட்டுவிட்டோம், ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்று மட்டும் பதில் வருகிறது. இனி யாருக்கு எழுதுவது?
- வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் மேலே மேலே மனு போடுவதை நிறுத்துங்கள். ஜனாதிபதிக்குப் போட்ட மனுவும் ஒவ்வொரு மேசையாக இறங்கி, கடைசியில் வந்து சேரவேண்டிய இடம் பெங்களூரில் இருக்கும் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ரெக்கார்டு ஆபீஸ்தான். அப்பாவின் ஷீட் ரோல், அதாவது அவருடைய சர்வீஸ் பதிவேடு, அங்கேதான் இருக்கும், திருத்த முடிந்தவர்களும் அவர்கள்தான். (மற்ற படைப்பிரிவுக்காரர்களுக்கும் இதே கதைதான். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்.)

அடுத்து, உங்கள் மனுவின் நகலைப் பார்த்தேன். இரண்டு பக்கம் முழுக்க அப்பா எவ்வளவு கஷ்டப்பட்டார், குண்டு மழையில் எப்படி வேலை செய்தார் என்றுதான் இருக்கிறது. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பூர்வி ஸ்டார் வீரத்துக்குத் தரும் விருது இல்லை, அந்தத் தேதிகளில் அந்தப் போர்முனையில் இருந்ததற்குத் தருவது. அதனால் நீங்கள் நிரூபிக்கவேண்டியது ஒரே ஒரு விஷயம்தான்: 1971 டிசம்பரில் அப்பா எந்த யூனிட்டில், எங்கே இருந்தார்.

புத்தகத்தில் இருக்கும் மற்ற இரண்டு மெடலும் இதற்கு உதவாது, ஏன் என்று சொல்கிறேன். சங்ராம் மெடல் 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரைக்குள் படையில் பணியாற்றியவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது, ஆள் போர்முனையில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. 25வது ஆண்டு மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்கு. இரண்டுக்கும் ஆள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் போதும், ரெக்கார்டு ஆபீஸ் கிளார்க் பேரேட்டைப் பார்த்தே எழுதிவிடலாம். பூர்வி ஸ்டாருக்கு இடமும் வேண்டும், அது யூனிட்டிலிருந்து பெயர்ப் பட்டியலாக வரவேண்டும். அந்தப் பட்டியலில்தான் உங்கள் அப்பா பெயர் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

எப்படி விட்டுப்போகும்? இந்த மெடல்களை அறிவித்ததே போர் முடிந்த பிறகுதான். யூனிட்டில் பட்டியல் போடும்போது ஆள் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இருந்திருக்கலாம், நீண்ட லீவில் ஊருக்கு வந்திருக்கலாம், வேறு யூனிட்டுக்குப் போஸ்டிங் ஆகியிருக்கலாம். பழைய யூனிட், ‘அவர் இப்போது நம்மிடம் இல்லை’ என்று விட்டுவிடும், புது யூனிட்டுக்கோ இவர் கிழக்கே இருந்த விஷயமே தெரியாது. போர் நேரத்தில் வேறொரு யூனிட்டுடன் அட்டாச்மென்ட்டில் இருந்தவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே அப்பாவை உட்காரவைத்து, போரைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், போர் முடிந்த அடுத்த ஒரு வருஷத்தில் எங்கெங்கே இருந்தார் என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிக்கல் எங்கே விழுந்தது என்று பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு வீட்டில் இருக்கும் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். லீவ் சர்டிபிகேட், மூவ்மென்ட் ஆர்டர், ஆஸ்பத்திரிச் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அப்பா அம்மாவுக்குப் போட்ட பழைய இன்லேண்ட் லெட்டர் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அனுப்புநர் முகவரியில் நம்பர், ரேங்க், யூனிட் பெயர், அதன் கீழே ‘99 ஏ.பி.ஓ.’ (ராணுவத் தபால் நிலைய எண்) என்று இருக்கும், மேலே தபால் முத்திரையில் தேதி இருக்கும். மேற்கே 56, கிழக்கே 99 என்பதுதான் அன்றைய வழக்கம். அது மட்டுமே தீர்ப்பாகிவிடாது, ஆனால் 1971 டிசம்பர் தேதியோடு அப்படி ஒரு கடிதம் இருந்தால் நல்ல பக்கபலம். அந்த இரண்டு நண்பர்களும் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் அதைவிட நல்லது. அவர்களின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பூர்வி ஸ்டார் பதிந்த பக்கத்தின் நகல், ‘இன்னார் எங்களோடு இன்ன கம்பெனியில் இருந்தார்’ என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி, இரண்டையும் வாங்கிவிடுங்கள். வயதானவர்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். ஆர்மி நம்பர், ரேங்க், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடி எழுத்து மாறாமல் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) எண், 1971 டிசம்பரில் இருந்த யூனிட். பிறகு கோரிக்கை: பூர்வி ஸ்டாருக்கு உரிய தகுதியைச் சரிபார்த்து, பார்ட் டூ ஆர்டர் (ஒருவரின் சர்வீஸ் விவரத்தைப் பதிவுசெய்யும் ராணுவ உத்தரவு) வெளியிட்டு, ஷீட் ரோலிலும் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பதிவு செய்து தரவும். அவ்வளவுதான். மெடல் அனுப்புங்கள் என்று மட்டும் எழுதினால், ஸ்டாக் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட இடம் கொடுக்கிறீர்கள், பதிவுதான் முதலில் வேண்டும். அப்பாவே கையெழுத்துப் போடட்டும், மகன் போட்டால் நீ யார் என்ற கேள்வி வரும். ஒரு பிரதியை வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து அவர்கள் வழியாகவும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரிஜினல் புத்தகத்தை மட்டும் அவர்களாகக் கேட்கும்வரை அனுப்பவே வேண்டாம், கேட்டால் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்துவிட்டு, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள். அதிலும் ‘ஏன் மெடல் தரவில்லை’ என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஷீட் ரோல் நகலும், 1971-72க்கான போஸ்டிங் விவரமும், மெடல் தொடர்பான பார்ட் டூ ஆர்டர்களின் நகலும் கேளுங்கள். கையில் காகிதம் வந்துவிட்டால் பேச்சே வேறு. எழுத்தில் மறுத்தால் ராணுவத் தீர்ப்பாயம், சென்னையிலேயே கிளை இருக்கிறது. மறுப்பு வந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும், தாமதமானால் காரணம் காட்டி மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் இந்த மாதிரி விஷயம் அதுவரை போகத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இதனால் பென்ஷன் ஒரு பைசாகூட ஏறாது. உங்கள் அப்பா கேட்பது பணம் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது, ஆனாலும் ‘அரியர்ஸ் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது கமிஷன் கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவு ஆனபிறகும் மெடல் கைக்கு வர நாளாகும். கன்டோன்மென்ட் பக்கத்துக் கடைகளில் நகல் கிடைக்கும், பலரும் அதைத்தான் குத்திக்கொள்கிறார்கள், பதிவு இருந்தால் தப்பில்லை. அசலில் நம்பரும் ரேங்க்கும் பெயரும் பொறித்திருக்கும். வந்ததும் அந்த எழுத்தைச் சரிபாருங்கள், பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அன்றே எழுதிப்போடுங்கள்.

கேள்வி: அப்பா 1965 போரில் இருந்தவர். ஏழு வருடத்தில் சொந்தக் காரணமாக விலகிவிட்டார், பென்ஷன் இல்லை. இப்போது அவர் இல்லை. 1965 போர்முனையில் இருந்தவர்களுக்கான சமர் சேவா ஸ்டார் பற்றிக் கேட்டால், ஆவணம் அழிக்கப்பட்டது என்று பதில் வந்திருக்கிறது. அவ்வளவுதானா?
- வாசகி, ஆரணி

பதில்: பொய் சொல்லவில்லை அம்மா. பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பேரேடு உண்டு, அதை அழிப்பதில்லை. ஒரு ஆளுக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். வாரிசுச் சான்றிதழ் நகலையும் இணைத்து, லாங் ரோல் பதிவின் நகலை மட்டும் கேட்டு எழுதுங்கள். அதில் மெடல் இருந்தால் பிடி கிடைத்தது. இல்லையென்றால் உங்கள் வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான் கடைசி ஆதாரம், அதிலும் யூனிட் பெயர் இல்லாவிட்டால் நம்பிக்கை குறைவு என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கேள்வி: தாத்தாவுக்கு 1971ல் ‘மென்ஷன்ட் இன் டெஸ்பாட்சஸ்’ (போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடும் கௌரவம்) கிடைத்தது என்று வீட்டில் சொல்வார்கள், புத்தகத்தில் இல்லை. பதிவு செய்தால் எனக்குக் கல்லூரியில் முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைக்குமா?
- மாணவர், தேனி

பதில்: கிடைக்காது தம்பி. வீரவிருது பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீட்டில் ஐந்தாவது முன்னுரிமை உண்டு, மென்ஷன்ட் இன் டெஸ்பாட்சஸும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மகன், மகளுக்குத்தான், பேரனுக்கு இல்லை. அது தவிர, தாத்தாவின் பெயருக்காகவே தேடுவதாக இருந்தால், மெடல் பட்டியலை விட்டுவிட்டு இந்திய அரசிதழைத் தேடு. வீரவிருதுகள் அரசிதழில் பெயர் போட்டு வெளியாகும், 1972ல் ஆரம்பித்துப் பார். அதில் தாத்தாவின் ஆர்மி நம்பர் இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலோடு ரெக்கார்டு ஆபீசுக்கு எழுது, வேறு சாட்சி தேவைப்படாது.