செல்லப்பிராணி கேள்வி பதில்: சின்சில்லா எத்தன கிராம் இருக்கணும்?

போன மாசம் முயல் பத்தி எழுதினப்போ, சின்சில்லா, அதான் முடி அடர்த்தியா இருக்கற, எலி இனத்த சேந்த குட்டி பிராணி, அத வளக்கறவங்க யாராவது இருந்தா எழுதுங்கன்னு கடைசில ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வெயிட் பத்திதான். அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: அக்கா, எங்க சின்சில்லா ஆண், ரெண்டு வயசு, 470 கிராம்தான் இருக்கான். என் ஃப்ரெண்ட் வீட்ல இருக்கறது பொண்ணு, அது 730 கிராம். ரெண்டு வீட்லயும் ஒரே பெல்லட் (கடைல விக்கற உருண்டைத் தீனி), ஒரே புல்லுதான். நெட்ல ஒரு இடத்துல 400லருந்து 600ங்கறாங்க, இன்னொரு இடத்துல 800 வரைக்கும் போகும்ங்கறாங்க. என் பையன் ஒல்லியா, இல்ல அவ குண்டா? – வாசகி, சிங்கப்பூர்

ரெண்டு பேருமே சரியான வெயிட்ல இருக்கலாம்மா, நம்பர வெச்சு மட்டும் சொல்ல முடியாது. சின்சில்லால பொண்ணுங்கதான் பெருசா வளரும், இது முதல் விஷயம். ரெண்டாவது, காட்டுல, அதாவது தென் அமெரிக்கால சிலி நாட்டுல ஆண்டீஸ் மலைப்பக்கம் இன்னும் மிச்சம் இருக்கற சின்சில்லாங்க சுமார் 400 கிராம் அளவுலதான் இருக்கும். 1923ல மத்தியாஸ் சாப்மன்னு ஒரு மைனிங் இன்ஜினியர் 11 சின்சில்லாவ சிலிலருந்து கலிஃபோர்னியாவுக்கு கொண்டு போனார், இன்னிக்கு வீடுகள்ல இருக்கறதுல பெரும்பாலானது அந்த வம்சம்னு சொல்வாங்க. அங்க பண்ணைல வளத்தது ரோமத்துக்காக, அதனால உடம்பு பெருசா இருக்கறதயே பாத்து பாத்து ஜோடி சேத்தாங்க. அந்த மாதிரி லைன்ல வந்தது 700, 800 கூட இருக்கும், சின்ன எலும்புக்கூடோட பொறந்தது ஆயுசு முழுக்க 450லயே நல்லா இருக்கும்.

அதனால கேக்க வேண்டிய கேள்வி வேற. உங்க பையன் ஆறு மாசம் முன்னாடி எவ்ளோ இருந்தான்? சின்சில்லா ஒரு வயசுலருந்து ஒன்றரை வயசுக்குள்ள முழு வளர்ச்சிக்கு வந்துடும், அதுக்கப்புறம் அவனுக்குன்னு ஒரு வெயிட் செட் ஆகும். அந்த வெயிட்தான் அவனுக்கு அளவு, ஃப்ரெண்ட் வீட்டு பொண்ணு இல்ல. ரெண்டு வயசுல 470, மூணு வயசுலயும் 465, 475ன்னு போச்சுன்னா நான் நிம்மதியா இருப்பேன். அதே ஃப்ரெண்டோட பொண்ணு 730லருந்து 660க்கு வந்தா, பாக்கறதுக்கு உங்க பையன விட பெருசாவே இருந்தாலும், எனக்கு கவலை அவ மேலதான்.

கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, இத எல்லாருக்குமே சொல்றேன். சின்சில்லாக்கு ஒரே மயிர்க்கால்லருந்து 50க்கும் மேல முடி வரும், அவ்ளோ அடர்த்தி, உள்ள உடம்பு பாதியா வத்தினாலும் வெளிய பந்து மாதிரிதான் தெரியும். கைய விட்டு தடவி பாக்கணும். ஒரு கைல அடிவயித்த தாங்கிட்டு இன்னொரு கை விரல முதுகெலும்பு மேல லேசா ஓட்டுங்க, அப்புறம் விலா பக்கம். லேசா அழுத்தினா எலும்பு இருக்கறது தெரியணும், ஆனா கூரா குத்தக்கூடாது. முதுகெலும்பு கத்தி விளிம்பாட்டம் நீட்டிக்கிட்டு இருந்தா மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம். எவ்ளோ தேடினாலும் விலா எலும்பே கைல படலன்னா, முன்னங்கால் அக்குள்ல மெத்துமெத்துன்னு கொழுப்பு தொங்கினா, அது கூடுதல் வெயிட். முடிய மட்டும் பிடிச்சு தூக்கிடாதீங்க, பயந்தா கொத்தா முடிய உதுத்துட்டு ஓடிடும், அது திரும்ப வளர மாசக்கணக்குல ஆகும்.

கேள்வி: தராசுல வெச்சா ஒரு செகண்ட் கூட நிக்க மாட்டேங்குது. ஒரு தடவ 512, அடுத்த நிமிஷம் 498ன்னு காட்டுது. எந்த மாதிரி தராசு வாங்கணும், எப்பப்ப போடணும்? – வாசகர், லண்டன் ஈஸ்ட் ஹாம்

சமையலறைல மாவு எடை போட வெச்சிருப்போமே, அந்த டிஜிட்டல் தராசு போதும், ஆனா ஒவ்வொரு கிராமா காட்டணும். மனுஷங்க ஏறி நிக்கற தராசு இதுக்கு ஆகாது, நீங்க அத தூக்கிட்டு ஏறி அப்புறம் உங்க வெயிட்ட கழிக்கற கணக்கும் வேண்டாம், அதுல 50 கிராம் வித்தியாசம் எல்லாம் தெரியவே தெரியாது, நமக்கு தேவை அந்த 50 கிராம்தான்.

தராசு மேல ஒரு ஆழமான பிளாஸ்டிக் டப்பாவோ மூடி இல்லாத மரப்பெட்டியோ வெச்சு சைபர் ஆக்கிட்டு, உள்ள ரெண்டு புல்லு போட்டு, அதுவா ஏறி உள்ள போற மாதிரி பழக்குங்க. முதல் வாரம் எடையே போடாதீங்க, டப்பாவ கூண்டுக்குள்ள வெச்சு விடுங்க, அது மோந்து பாத்து ஏறி எறங்கி அதுக்குள்ளயே உக்காந்து புல்லு தின்னும். அப்புறம் தராசு மேல வெச்சா பெருசா கண்டுக்காது. நம்பர் குதிச்சா மூணு தடவ பாத்து நடுவுல வர்றத எழுதிக்கோங்க.

நேரம் ரொம்ப முக்கியம். சாயந்திரம் எழுந்ததும், பெல்லட் வைக்கறதுக்கு முன்னாடின்னா எப்பவும் அப்பவே போடுங்க. சாப்பிட்டதுக்கும் புழுக்க போட்டதுக்கும் நடுவுலயே 10, 15 கிராம் ஏறி எறங்கும், அத பாத்து பயந்துக்க வேண்டாம். முழுசா வளந்த சின்சில்லான்னா வாரம் ஒரு தடவ போதும், எந்த நாள்னு நீங்களே வெச்சுக்கோங்க. உடம்பு சரியில்லாதப்போ, ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்போ, புது ஜோடி சேத்தப்போ மட்டும் தினமும்.

ஃபோன்ல எழுதினாலும் சரி காலண்டர்ல எழுதினாலும் சரி, தேதியோட எழுதணும். ஞாபகத்துல வெச்சுக்கறேன்னு சொல்றவங்களுக்கு போன வார நம்பர் தெரியும், மூணு மாசம் முன்னாடி இருந்தது தெரியாது, டாக்டர் கேக்கறது அந்த மூணு மாசத்ததான். கணக்கு என்னன்னா, வழக்கமான வெயிட்ல 5 சதவீதம் குறைஞ்சா, அதாவது 500 கிராம்ல 25 கிராம், சாப்பாடு புழுக்க எல்லாத்தையும் உன்னிப்பா பாக்க ஆரம்பிங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ எடை போடுங்க. 10 சதவீதம் குறைஞ்சா, அதாவது 50 கிராம், ஓடி ஆடிட்டு இருந்தாலும் டாக்டர்கிட்ட போயாகணும். வாரா வாரம் அஞ்சு ஆறு கிராமா தொடர்ந்து எறங்கிட்டே இருந்தா 10 சதவீதம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

கேள்வி: ஊர்லருந்து மாமியார் வந்து மூணு மாசம் ஆச்சு. பாவம் வெறும் புல்லு தின்னுதேன்னு தினமும் ஆறேழு திராட்சை, முந்திரி குடுக்கறாங்க. 560 இருந்தது 640 ஆயிடுச்சு. டயட்ல வைக்கலாமா? – வாசகி, நியூ ஜெர்சி

திராட்சை, முந்திரி ரெண்டையும் இன்னிக்கே நிறுத்திடுங்க, ஆனா பட்டினி மட்டும் போடாதீங்க. குண்டா இருக்கற சின்சில்லா சாப்பிடாம கெடந்தா உடம்புல இருக்கற கொழுப்பு கல்லீரல்ல போய் சேந்து உயிருக்கே ஆபத்தாயிடும், குடலும் நின்னு போயிடும். டிமோதி புல்லு எப்பவும் கூண்டு நெறைய இருக்கணும், அதுல கை வைக்காதீங்க. பெல்லட் ஒரு நாளைக்கு ஒண்ணுலருந்து ரெண்டு டேபிள்ஸ்பூன், அதுக்கு மேல போட்டுட்டு இருந்தீங்கன்னா ஒரே நாள்ல குறைக்காம கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு வாரத்துல கொண்டு வாங்க. விதை, சோளம், காஞ்ச பழம் எல்லாம் கலந்த கலர் கலர் பாக்கெட் வாங்காதீங்க, அது நல்லத விட்டுட்டு இனிப்ப மட்டும் பொறுக்கும்.

மாமியார்கிட்ட குடுக்காதீங்கன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க, பாசத்துலதான் குடுக்கறாங்க. அதனால அவங்க கைல குடுக்கறதுக்கு வேற ஏதாவது குடுங்க, மருந்து அடிக்காத காஞ்ச ரோஜா இதழ், ஆப்பிள் மரக்குச்சி, இல்லன்னா நல்ல வாசமான புது புல்லு ஒரு பிடி. வாங்கிட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சு தின்னும், அவங்களுக்கும் அந்த சந்தோஷம் கெடைக்கும். கூடவே தினமும் ஒரு மணி நேரமாவது ரூம்ல அவுத்து விடுங்க, 15 இன்ச்சுக்கு கொறையாத, கம்பி இல்லாத வழவழப்பான சக்கரம் ஒண்ணு போடுங்க. எறங்கறதும் மெதுவாதான் எறங்கணும், வாரத்துக்கு சில கிராம் போதும்.

கேள்வி: அக்கா, எங்கட சின்சில்லாக்கு ஆறு வயசு. 590 கிராம் நிறை இருந்தவன், இந்த ரெண்டு மாசத்தில 530க்கு வந்திட்டான். பசி இல்லாம இல்லை, கிண்ணத்த வைச்சவுடன ஓடி வாறான், எடுக்கிறான், பிறகு கீழ போட்டிட்டு போறான். புல்ல தொடுறதே இல்லை. நாடி எப்பவும் ஈரமா கிடக்கு. வீட்டில மிச்சம் இருக்கிற ஆன்டிபயாட்டிக் கொஞ்சம் குடுத்து பாக்கலாமோ எண்டு அவர் கேக்கிறார். – வாசகி, ஸ்கார்பரோ

வேண்டாம் தங்கச்சி, அந்த மருந்த தொடவே தொடாதீங்க. அமாக்ஸிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்து சின்சில்லா வாய் வழியா போனா குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியா எல்லாம் செத்து, விஷம் ஊறி, அதுவே உயிர எடுத்துடும். அவர்கிட்ட இத உடனே சொல்லிடுங்க.

நீங்க எழுதினத படிச்சதும் எனக்கு தோணினது பல்லுதான். பசிச்சு ஓடி வர்றது, எடுத்துட்டு கீழ போடறது, புல்ல விடறது, நாடி ஈரம், இந்த நாலும் ஒண்ணா சேந்தா பெரும்பாலும் அங்கதான் போய் நிக்கும். சின்சில்லாக்கு மொத்தம் 20 பல்லு, முன்னாடி தெரியற நாலு மஞ்சப்பல்லு மட்டும் இல்ல, உள்ள இருக்கற 16 கடவாப்பல்லும் சாகற வரைக்கும் வளந்துட்டே இருக்கும். புல்ல பக்கவாட்டுல அரைச்சு அரைச்சு மெல்லறப்போதான் அது தேயும். தேயாம போனா ஓரத்துல ஊசி மாதிரி கூர் வந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும், மேல எடமில்லாம வேர் பின்னால தாடைக்குள்ள வளரும், மேல்வரிசை வேர் கண்ணுப்பக்கம் போய் அழுத்தினா கண்ணுல தண்ணி வழியும். வலில முதல்ல புல்ல விடும், ஏன்னா அததான் அதிகமா மெல்லணும், அப்புறம் பெல்லட்ட விடும், கடைசி வரைக்கும் மெத்துனு இருக்கற தீனிய மட்டும் வாங்கும், வீட்ல இருக்கறவங்க அடம் பிடிக்குதுன்னு நெனைச்சுக்குவாங்க.

590லருந்து 530ன்னா 10 சதவீதம் தாண்டியாச்சு. இந்த வாரம்னு கூட தள்ளாம நாளைக்கே ஃபோன் பண்ணுங்க, நாய் பூனை மட்டும் பாக்கற இடமா இல்லாம எக்ஸாட்டிக் பிராணிகள் பாக்கற டாக்டரா கேட்டு புக் பண்ணுங்க, டொராண்டோ பக்கம் அப்படி பாக்கறவங்க இருக்காங்க. சின்சில்லாவோட வாய் ரொம்ப கொஞ்சமாதான் திறக்கும், முழிச்சிருக்கறப்போ டார்ச் அடிச்சு பாத்துட்டு பல்லு நல்லாருக்குன்னு சொன்னா அதோட விட்டுடாதீங்க, மயக்கம் குடுத்து பாக்கறதும் மண்டைக்கு எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுக்கறதும்தான் சரியா காட்டும். நீங்க எழுதி வெச்ச வெயிட்டையும் ஒரு நாள் புழுக்கயையும் எடுத்துட்டு போங்க. புழுக்க சின்னதா காஞ்சு போய் எண்ணிக்கையும் கம்மியாயிருந்தா உள்ள போறது கம்மின்னு டாக்டருக்கு பாத்ததுமே தெரியும்.

உண்மைய மறைக்காம சொல்லணும்னா, கூர் மட்டும்னா தேய்ச்சு விட்டு நல்லா வாழ வைக்க முடியும், சிலதுக்கு சில மாசத்துக்கு ஒரு தடவ தேய்க்க வேண்டி வரும், ஆனா வேர் ரொம்ப உள்ள வளந்துட்டா அத திருப்ப முடியாது, வலிய குறைச்சு சாப்பிட வைக்கறதுதான் வைத்தியம். எது உங்க வீட்ல நடக்குதுன்னு எக்ஸ்ரேதான் சொல்லும். அது வரைக்கும் எப்படியாவது சாப்பிட வைங்க, பெல்லட்ட வெந்நீர்ல ஊற வெச்சு ஆற விட்டு குடுத்து பாருங்க, கிரிட்டிகல் கேர் மாதிரி புல்லுத்தூள் உணவ சிரிஞ்ச்ல குடுக்கறது எப்படின்னு டாக்டர் காட்டித் தருவாங்க. 12 மணி நேரமா ஒண்ணுமே தின்னல, புழுக்கயே போடலன்னா, அது ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு போங்க, தராச எடுத்துட்டு உக்காராதீங்க. போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க, நான் காத்திட்டிருப்பேன்.

கேள்வி: பொண்ணுன்னு சொல்லி ரெண்டு வாங்கினோம். அதுல ஒண்ணு மட்டும், ரெண்டு மாசத்துல 90 கிராம் கூடியிருக்கு, தீனி அதேதான். இன்னொண்ணு ஆணா இருக்குமோ? – வாசகர், கோலாலம்பூர்

இருக்கலாம், கடைல மாத்தி சொல்றது சகஜம். இன்னிக்கே ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணுங்க. சின்சில்லா சினை காலம் சுமார் 111 நாள், கடைசி மாசத்துலதான் வெயிட் வேகமா ஏறும். வயித்த அமுக்கி பாக்காதீங்க. ஆண்தான்னு தெரிஞ்சா உடனே தனி கூண்டு, ஏன்னா குட்டி போட்ட அன்னிக்கே திரும்ப சினை புடிக்கும், அம்மா உடம்பு தாங்காது.

குட்டி பொறக்கும்போதே முடியோட, கண்ணு திறந்து, 30லருந்து 60 கிராம் இருக்கும். குட்டிங்கள மட்டும் தினமும் எடை போடணும். முதல் நாள் ஒண்ணு ரெண்டு கிராம் எறங்கினா பரவால்ல, அதுக்கப்புறம் தினமும் ஏறணும். ரெண்டு நாள் தொடர்ந்து எறங்கினா, இல்ல ஒண்ணு ஏறி இன்னொண்ணு நின்னுட்டா, பால் பத்தலன்னு அர்த்தம், டாக்டர்கிட்ட கேட்டு கைல பால் குடுக்கணும். அம்மாவுக்கு பால் குடுக்கற வரைக்கும் ஆல்ஃபால்ஃபா புல்லு கொஞ்சம் சேத்துக்கோங்க, கால்சியம் தேவைப்படும். மத்த நேரம் பெரிசுங்களுக்கு டிமோதிதான்.

கேள்வி: மதுரைல சின்சில்லா வளக்க முடியுமா மேடம்? – வாசகர், மதுரை

24 மணி நேரமும் ஏசி, கரண்ட் போனா உடனே வேல செய்யற ஜெனரேட்டர், பக்கத்துல சின்சில்லா பாத்து பழகின டாக்டர், இந்த மூணும் இருந்தா யோசிக்கலாம். 25 டிகிரிய தாண்டினாலே அதுக்கு கஷ்டம், வேர்க்காது, அதனால ஃபேன் போட்டும் பெருசா பிரயோஜனம் இல்ல, சித்திரை வெயில்ல ஒரு மதியம் கரண்ட் கட்டானா போதும். மூணுல ஒண்ணு இல்லன்னாலும் வாங்க வேண்டாம் தம்பி.