மறு: பயிற்சி லேபில் லேப்டாப்கள் ஐபிவி6 முகவரி எடுக்கவில்லை
ரவுட்டரில் முன்னொட்டு நீளம் (முகவரியில் நெட்வொர்க்கைக் குறிக்கும் பிட்களின் எண்ணிக்கை) /120 கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். கோளாறு அங்கேதான், லேப்டாப்பில் இல்லை. ஈதர்நெட்டில் எஸ்எல்ஏஏசி (லேப்டாப் தானே முகவரி அமைத்துக்கொள்ளும் முறை) நடக்க /64 வேண்டும். ஐபிவி4-இல் போல முகவரிகளைச் சிக்கனமாகக் கொடுப்பது இங்கே செல்லாது. மாற்றியதும் வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஐசிஎம்பிவி6 (ஐபிவி6-இன் கட்டுப்பாட்டுச் செய்திகள்) வகை 134, அதாவது ரவுட்டர் அறிவிப்பு, வருகிறதா பாருங்கள். சிஸ்கோ ரவுட்டர் என்றால் ‘ஐபிவி6 யூனிகாஸ்ட்-ரவுட்டிங்’ கட்டளை இல்லாமல் அந்த அறிவிப்பே கிளம்பாது. பலரும் கோட்டை விடுகிற இடம் இது.

ஐசிஎம்பியை மொத்தமாக அடைக்கும் பழைய பழக்கத்தை மாணவர்களிடம் உடைக்க, நடு இணைப்பின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1280 பைட் ஆக்கி, சர்வர் பக்க ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6 வகை 2-ஐத் தடுங்கள். சாதாரண பிங் போகும், பெரிய பக்கம் பாதியில் தொங்கும். ஐபிவி6-இல் ரவுட்டர் பாக்கெட்டைத் துண்டாக்காது. அளவு மீறியதை அனுப்பியவருக்குச் சொல்வது அந்த வகை 2 செய்திதான். வகை 135, 136-ஐயும் (பக்கத்து மெஷினைத் தேடும் கேள்வியும் பதிலும்) அடைத்தால் பக்கத்து மெஷின்கூடத் தெரியாது.